இரவில் அடக்கிய நீர்

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு, இந்தப் பகுதிக்கென்று வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இனிப்பு நீரையும் முழங்கால் வலியையும் பற்றியவையாகவே இருக்கும். சென்ற இதழில் சிறுநீர்க் கோளாறுகளைப் பற்றி எழுதியபோது, சிறுவயதில் பட்ட அச்சமும் அடியும் பெரியவர்களான பிறகு சிறுநீர்ப்பையைத் தொந்தரவு செய்வதுண்டு என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இம்முறை மிகுதியான கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 47 வயது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது தாமான் வீட்டில் இருக்கிறேன், கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு நாளைக்குப் பதினைந்து முறையாவது கழிவறைக்குப் போகிறேன். இரவில் நான்கு முறை எழுகிறேன். நீர்க்கடுப்பு என்று சொல்லி ஒரே வருடத்தில் நான்கு தடவை ஆன்டிபயோடிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கிருமி இல்லை என்றுதான் பரிசோதனை முடிவு வந்தது. கடைசியில், “உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசு” என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். சிறுவயதில் அப்பா சம்சு சாராயம் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். கக்கூஸ் லயத்தின் கோடியில் இருந்தது. அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பேன். இன்றைக்கும் இரவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் உடனே ஒன்றுக்கு முட்டுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா, நானாக நினைத்துக்கொள்கிறேனா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, தொடர்பு இருக்க இடமுண்டு. நீங்களாக நினைத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தத் தொடர்பைப் பேசுவதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய சில பரிசோதனைகள் இருக்கின்றன. “எல்லாம் மனசு” என்று சொன்னவர் அவற்றைச் செய்தாரா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை.

நானும் லயத்தில் பிறந்தவள்தான். வரிசையாகப் பத்து வீடுகள், பின்புறம் சிமெந்துச் சாக்கடை, அதைத் தாண்டி இருட்டில் நாற்பது ஐம்பது அடி நடந்தால் தகரக் கதவு போட்ட கக்கூஸ் வரிசை. கையில் மண்ணெண்ணெய் விளக்கோடு அம்மா முன்னே போக, பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நாங்கள் பின்னே போவோம். அச்சமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்த நடை பெரிய காரியமாக இருந்தது. திண்ணையில் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவரைத் தாண்டிப் போக வேண்டிய பிள்ளை என்ன செய்யும்? நீங்கள் செய்ததைத்தான் செய்யும்.

சிறுநீர்ப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும் தசைப்பை. அது நிரம்பிவரும்போது அதன் சுவர் தளர்ந்துகொடுக்கிறது, வாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. கழிக்கும்போது சுவர் இறுகி, வாய்த்தசை தளர வேண்டும். இந்த இரண்டும் முறைமாறாமல் நடக்கும்படி பார்த்துக்கொள்வது மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறிய மையம். பாரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1925ஆம் ஆண்டில் பூனைகளில் ஆய்வு செய்து இதை விவரித்தார், அதனால் இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி ஒன்று உண்டு. அச்சமும் நெருக்கடியும் வரும்போது மூளையில் வேலை செய்யும் கார்ட்டிகோட்ரோபின் விடுவிப்புக் காரணி என்ற வேதிப்பொருள், இந்த மையத்தின் நரம்பணுக்களிலேயே இருக்கிறது என்பதை விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயத்துக்கும் சிறுநீருக்கும் மூளையில் அவ்வளவு பக்கத்துவீடு. பயந்தவன் வேட்டியை நனைத்துக்கொண்டான் என்று நம்மவர்கள் வேடிக்கையாகச் சொல்வதும் இதைத்தான்.

ஆண்டுக்கணக்கில் இரவெல்லாம் அடக்கிக்கொண்டு படுத்த பிள்ளைக்கு இரண்டு விதமான பழக்கங்கள் படிந்துவிடக்கூடும். முதலாவது, இடுப்பின் அடித்தளத் தசைகள் இறுகியே இருக்கக் கற்றுக்கொள்கின்றன, பெரியவரான பிறகு கழிவறையில் உட்கார்ந்தாலும் முழுமையாகத் தளர்வதில்லை. அதனால் சிறுநீர் விட்டுவிட்டு வரும், கொஞ்சம் உள்ளேயே தங்கும், தங்கிய நீர் கிருமித் தொற்றுக்கு வழிவிடும். இரண்டாவது, “இப்போது போகாவிட்டால் பிறகு போக முடியாது” என்ற எச்சரிக்கை உடம்பிலேயே தங்கிப்போகிறது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒருமுறை, தொழிற்சாலை மணி அடிக்குமுன் ஒருமுறை, படுக்குமுன் இரண்டுமுறை என்று முட்டாதபோதும் போய்வரப் பழகினால், பை நிரம்புவதற்கு முன்பே கூக்குரலிடப் பழகிவிடும். 100 மில்லிலிட்டர் சேர்ந்ததுமே நிறைந்துவிட்டதாகச் சொல்லும். இன்று மோட்டார் சைக்கிள் சத்தத்தைக் கேட்டதும் உங்களுக்கு முட்டுவதற்கும், சிறுவயதில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் லயத்துக்குள் நுழைந்த சத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன்.

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாதவை என்று பதினான்கு வேகங்களைச் சொல்வார்கள். சிறுநீர் அந்தப் பட்டியலில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணீரும் அதே பட்டியலில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் அந்த இரவுகளில் இரண்டையும் சேர்த்தே அடக்கியிருப்பீர்கள்.

இனி, செய்ய வேண்டியவை. அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளிக்குப் பதிந்துகொண்டு இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பாருங்கள். இந்நாட்டில் வயதுவந்தோரில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது, நம் சமூகத்தில் அது இன்னும் அதிகம். அடிக்கடி சிறுநீர் போகிறது என்று சொல்லும் 47 வயதுப் பெண்ணிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான், அப்பாவைப் பற்றியன்று. அடுத்து, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்பதை அடிவயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் சொல்லிவிடும். மாதவிடாய் நிற்கும் வயதில் திசுக்கள் உலர்ந்து எரிச்சல் தருவதும் உண்டு, அதற்குத் தனி மருந்து இருக்கிறது. கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் எதுவும் வளரவில்லையென்றால் ஐந்தாவது தடவையாக ஆன்டிபயோடிக் எடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சலோடு விலாப்பக்கம் வலித்தாலோ, கால் மரத்து சிறுநீர் வராமல் நின்றாலோ, இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பிறகு மூன்று நாள் கணக்கு எழுத வேண்டும். எத்தனை மணிக்கு, என்ன குடித்தீர்கள், எவ்வளவு கழித்தீர்கள், எவ்வளவு முட்டியது. இதே தொல்லையோடு என்னிடம் வந்த ஒரு பாட்டி அளவுக் கிண்ணம் வாங்க மனமில்லாமல், அரிசி அளக்கும் பால் டின் ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, “அரை டின், கால் டின், கால் டின்” என்று பேரனின் பள்ளிப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுவந்தார். அந்த டின் எத்தனை மில்லிலிட்டர் என்று நாங்கள் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துக்கொண்டோம். எந்த இயந்திரமும் தராத விவரத்தை அந்தத் தாள் தந்தது. பகலில் கால் டின், கால் டின்னாகப் போனவர் விடியற்காலையில் மட்டும் ஒன்றரை டின் போயிருந்தார். பை சுருங்கவில்லை, அவசரப்படுகிறது என்பது அவருக்கே விளங்கிவிட்டது.

உங்கள் கணக்கில் இரவுப் பகுதியை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். முட்டியதால் விழிக்கிறீர்களா, விழித்ததால் போகிறீர்களா? அச்சமான வீட்டில் வளர்ந்தவர்கள் பலர் இலேசான தூக்கக்காரர்கள். சிறு அரவத்துக்கும் கண் திறந்துவிடும், திறந்தபின் சும்மா கிடக்க முடியாமல் கழிவறைக்குப் போவார்கள். அப்படியானால் சரிசெய்ய வேண்டியது தூக்கத்தை, சிறுநீர்ப்பையை அன்று.

தங்கும் நீர் அதிகமில்லை என்று ஸ்கேனில் தெரிந்த பிறகு, இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சியைத் தொடங்கலாம். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறீர்கள் என்றால் ஒரு வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், அடுத்த வாரம் ஒன்றரை. முட்டும்போது ஓடாமல், உட்கார்ந்து, வயிறு எழும்ப மூச்சை இழுத்து மெதுவாக விடுங்கள். அந்த அலை பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தணியும். மூன்று, நான்கு மணி நேரத்துக்குமேல் நீட்ட வேண்டாம், அடக்குவதில் உங்களுக்கு ஏற்கெனவே போதுமான பயிற்சி உண்டு. இடுப்புத் தசையை இறுக்கும் கெகல் பயிற்சியை இணையத்தில் பார்த்துச் செய்யாதீர்கள். இறுகிய தசைக்கு மேலும் இறுக்கம் கேடு. உங்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி, அதை இயன்முறை சிகிச்சையாளர் கற்றுத் தருவார். தே தாரேக் என்ற பால் தேநீரை நாளுக்கு ஒன்றாகக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும். இவையெல்லாம் பலிக்காவிட்டால் பையின் அவசரத்தைத் தணிக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் கடிதமும் கேட்டுப் பெறலாம்.

அப்பாவைப் பற்றி எங்கே பேசுவது? அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் உளவியலாளர்கள் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கு அழைத்தும் பேசலாம். உங்களைப் பைத்தியம் என்று யாரும் எழுதிவைக்க மாட்டார்கள்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் தோட்டத்து மருந்தகத்தில் முப்பது வருடம் டிரெஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் அடி வாங்காத பிள்ளை கிடையாது. வாத்தியார் அடித்தார், அப்பா அடித்தார், கணக்கெழுதும் கிராணி கூட அடித்தார். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். இப்போது எல்லா நோய்க்கும் சிறுவயதைக் காரணம் காட்டுவது ஒரு மோஸ்தராகிவிட்டதாகத் தெரிகிறது. ஆதாரம் என்ன?
– ஓய்வு பெற்ற டிரெஸ்ஸர், பேராக்

பதில்: ஐயா, உங்களைப் போன்றவர்கள் கேட்டால்தான் நாங்களும் ஒழுங்காகப் பதில் சொல்லக் கற்றுக்கொள்வோம்.

சிறுவயதுத் துன்பங்களையும் பிற்கால நோய்களையும் சேர்த்து ஆராய்ந்த பெரிய ஆய்வு, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்தது. பெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்கள் அதன் முதல் முடிவுகளை 1998இல் வெளியிட்டார்கள். துன்பங்களின் வகை கூடக்கூட இதய நோய், நுரையீரல் நோய் போன்றவையும் கூடிக்கொண்டே போவதை அது காட்டியது. ஆனால் அது சிறுநீர்ப்பையைப் பற்றிய ஆய்வன்று. சிறுநீரைப் பற்றிய செய்தி பாஸ்டன் நகரிலிருந்து வந்தது. அங்கே 30 முதல் 79 வயதுவரையுள்ள ஏறக்குறைய 5,500 ஆண் பெண்களிடம் நடந்த ஆய்வில், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ மனத்தளவிலோ கொடுமைக்கு ஆளானவர்களிடம் அடிக்கடி போவது, திடீரென முட்டுவது, இரவில் எழுவது ஆகிய மூன்றும் கூடுதலாக இருந்தன. இதை 2007இல் வெளியிட்டார்கள். ஆண்களிடமும் அப்படித்தான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும், இதைப் பெண்களின் விவகாரமாகவே பலர் பேசுகிறார்கள்.

இதில் உங்கள் ஐயத்துக்கும் இடமுண்டு. இவை சேர்ந்திருப்பதைக் காட்டும் ஆய்வுகள், ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வந்தது என்று நிறுவுபவை அல்ல. நாற்பது வருடத்துக்கு முன் நடந்ததை நினைவிலிருந்து சொல்லும்போது கூடுதல் குறைவு வரவே செய்யும். எனவேதான், சிறுவயதைக் கேட்டுவிட்டு இரத்தப் பரிசோதனையை விட்டுவிடும் மருத்துவர்மீது எனக்கும் கோபம் வரும்.

நன்றாகத்தான் இருக்கிறோம் என்பதை மட்டும் நான் அப்படியே ஏற்கவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களோடு முப்பது வருடம் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்தி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால், பட்டை திரும்பி வளரும்போது முண்டும் முடிச்சுமாக வரும், அந்த இடத்தில் மறுபடி வெட்டுவது சிரமம். எல்லா மரமும் அப்படி ஆவதில்லை, ஒரே கையால் வெட்டுப்பட்ட வரிசையில் கூட. உங்கள் டிஸ்பென்சரிக்கு மாதம் தவறாமல் வந்து, “எரியுது சார், மருந்து குடுங்க” என்று நின்ற பெண்கள் யாரேனும் நினைவுக்கு வருகிறார்களா? அவர்களுடைய வீட்டில் என்ன நடந்தது என்று அந்தக் காலத்தில் கேட்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. என் ஆசிரியர்களுக்கும் இல்லை.

கேள்வி: வயது 36, செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறேன். பொதுக் கழிவறையில் பக்கத்தில் ஆள் நின்றால் எனக்குச் சிறுநீர் வரவே வராது. வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆரம்பப் பள்ளி முடித்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது, பெரிய பையன்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து சிரிப்பார்கள், ஒருமுறை காற்சட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். வேலைக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். அடுத்த மாதம் கம்பெனியில் போதைப்பொருள் சோதனைக்கு ஆள் முன்னால் சிறுநீர் கொடுக்க வேண்டுமாம். நினைத்தாலே வியர்க்கிறது.
– தம்பி, தாப்பா

பதில்: தம்பி, உங்களைப் போலப் பலர் இருக்கிறார்கள், யாரும் வெளியில் சொல்வதில்லை. மருத்துவத்தில் இதற்குப் பாருரீசிஸ் என்று பெயர். 1954இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வீட்டில் தடையில்லாமல் வருகிறது என்பதே குழாயில் அடைப்பு இல்லை என்பதற்கு நல்ல அடையாளம். ஆள் நின்றால் உடம்பு காவலுக்கு நிற்கிறது, காவலுக்கு நிற்கும் உடம்பில் வாய்த்தசை தளராது. முக்கித் தள்ளினால் இன்னும் இறுகும்.

தண்ணீரைக் குறைத்ததைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்வேன். ஏர்கோன் இல்லாத லாரியில் நாள் முழுவதும் இருப்பவர் இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகக் கல் வந்து நிற்கும். அந்த வலியை ஒருமுறை பட்டவர்கள் பிரசவத்தோடு ஒப்பிடுவார்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் கதவுள்ள அறைக்கே போங்கள், நின்றபடி போனால்தான் ஆண்பிள்ளை என்று எந்தச் சட்டமும் இல்லை.

பயிற்சி படிப்படியானது. நம்பிக்கையான நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, முதலில் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திப் போங்கள். அது எளிதாக வந்த பிறகு அவர் கதவுக்குப் பக்கத்தில் வரட்டும், பிறகு உள்ளே கைகழுவும் இடத்துக்கு. ஒவ்வொரு படியிலும் பல நாள் ஆகலாம். உளவியலாளரின் துணையோடு செய்தால் விரைவாக நடக்கும். சோதனையைப் பொறுத்தவரை, உங்கள் நிலையை விளக்கி ஒரு மருத்துவரிடம் முன்கூட்டியே கடிதம் வாங்கிக் கொடுத்து, கூடுதல் நேரமும் தனி அறையும் கேளுங்கள். அன்றைய தினம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அன்று சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைப்பார்கள். எங்கே போனாலும் வராமல் அடிவயிறு வீங்கி வலித்தால், அது கூச்சம் இல்லை, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய காரியம்.

கேள்வி: என் பேரனுக்கு எட்டு வயது. மூன்று வயதிலேயே படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்டவன். மகளும் மருமகனும் பிரிந்த பிறகு நான்கு மாதமாக மறுபடி நனைக்கிறான். சூடு வைத்தால் நின்றுவிடும் என்று சம்பந்தியம்மா சொல்கிறார். மகளோ அவனை மற்ற பிள்ளைகள் முன்னால் திட்டுகிறாள். நான் என்ன செய்வது?
– பாட்டி, கம்பார்

பதில்: அம்மா, சூடு வைக்கும் பேச்சை அந்த வீட்டில் மறுபடி யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி குற்றம் என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லுங்கள். சட்டத்தைச் சொன்னால் கேட்பார்கள், மருத்துவத்தைச் சொன்னால் “எங்க காலத்துல” என்று தொடங்குவார்கள்.

ஐந்து வயதில் நூற்றுக்கு ஏறக்குறைய பதினைந்து பிள்ளைகள் படுக்கையை நனைப்பார்கள். பெற்றோர் இருவரும் சிறுவயதில் நனைத்தவர்கள் என்றால் பிள்ளைக்கும் பெரும்பாலும் வரும், வருடம் கூடக்கூடத் தானாகவே நின்றும்விடும். உங்கள் பேரனின் கதை அதுவன்று. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்துவிட்டு மறுபடி தொடங்கினால், ஏன் என்று தேட வேண்டும். மிகுந்த தாகம், உடல் மெலிவு, சோர்வு இருந்தால் அதே நாளில் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், சிறுவர்களுக்கு வரும் நீரிழிவு இப்படித்தான் தொடங்கும். அவை இல்லாவிட்டாலும் சிறுநீரில் சர்க்கரையும் கிருமியும் பார்க்கச் சொல்லுங்கள், மலச்சிக்கல் உண்டா என்று கேளுங்கள். இன்னொன்றையும் மெதுவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்: வீட்டிலோ பள்ளியிலோ டியூஷனிலோ யாரேனும் அவனைத் தொந்தரவு செய்கிறார்களா என்பதை. அவன் ஏதேனும் சொன்னால் வாயை அடைக்காமல் கேட்டுவிட்டு 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை அழையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, அப்பா போனதுதான் காரணம் என்று தெரிந்தால், நேரம் ஆகும். மெத்தையின்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, பகலில் போதுமான தண்ணீர், படுக்குமுன் ஒருமுறை. நனைத்த விரிப்பை எடுத்துப் போட அவனையும் கூட்டிக்கொள்ளுங்கள், தண்டனையாக இல்லாமல், காயப்போடத் துணை வரும் பிள்ளையாக. மகளிடம் நீங்கள் தனியாகப் பேசுங்கள். அவளும் காயப்பட்டவள்தான், ஆனால் மற்ற பிள்ளைகள் முன்னால் திட்டு வாங்கியது அவனுக்கு முப்பது வருடம் கழித்தும் நினைவிருக்கும். முந்திய கடிதம் எழுதிய தம்பி அதற்குச் சாட்சி.

கேள்வி: எனக்கு 29 வயது. சிறுநீர் கழிக்கும்போது வலி, அடிவயிற்றில் எப்போதும் ஓர் அழுத்தம். பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது வயதில் உறவினர் ஒருவரால் நேர்ந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அங்கே படுக்கவைத்துப் பரிசோதிப்பார்களோ என்ற பயத்தில் இரண்டு முறை நாள் குறித்தும் போகவில்லை.
– பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: இந்தக் கடிதத்தை எழுதி, மடித்து, அஞ்சல் பெட்டியில் போட்டது வரை நீங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது, தங்கை.

முதல் சந்திப்பில் நடப்பவற்றில் பெரும்பாலானவை உங்களைத் தொடாமலே முடியக்கூடியவை. கேள்விகள், சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, அடிவயிற்றின் மேல் பசை தடவிப் பார்க்கும் ஸ்கேன். ஸ்கேனுக்குச் சட்டையைச் சற்று மேலே தூக்கினால் போதும். உள்ளே பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் நினைத்தால் அன்றைக்கே செய்தாக வேண்டும் என்பதில்லை. “இன்று வேண்டாம்” என்று நீங்கள் சொல்லலாம், அதற்காகச் சிகிச்சையை நிறுத்திவிட மாட்டார்கள். கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது அவசியமானால் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றும், தாதி ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்றும், உங்கள் அக்காவோ தோழியோ உள்ளே வர வேண்டும் என்றும் பதிவு செய்யும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். பெண் மருத்துவர் அன்றைக்கு இல்லையென்றால் வேறு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறுநீர்ப்பையில் நாள்பட்ட வலி உள்ளவர்களில் சிறுவயதுக் கொடுமையை அனுபவித்தவர்கள் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்திதான். இருந்தாலும், நடந்ததை அங்கே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. உங்கள் வலி அதனால்தான் என்று நான் இங்கிருந்து சொல்லவும் மாட்டேன், கல்லாகவோ தொற்றாகவோ கூட இருக்கலாம். சொல்ல வேண்டியது ஒரு வரி: பரிசோதனை எனக்குப் பயம், தொடுவதற்கு முன் சொல்லுங்கள். உங்களைப் பார்ப்பவர் தமிழ் தெரியாதவராக இருந்தால், வாய் வராமல் போனால் காட்டுவதற்காக, இதை மலாயில் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்: “சாயா தாகுட் டிபெரிக்சா. தோலோங் பெரித்தாஹு டூலு செபெலும் செந்துஹ்.”

என் கிளினிக்கில் இப்படி ஒரு தாளை நீட்டிய பெண்ணிடம் தாதி செய்தது இதுதான். கதவின் உள்தாழ்ப்பாளை அவரையே போடச் சொன்னார், போர்வையை அவர் கையிலேயே கொடுத்தார், கையை உயர்த்தினால் நிறுத்திவிடுகிறோம் என்றார். அவர் இருமுறை கையை உயர்த்தினார். இருமுறையும் நிறுத்தினோம். மூன்றாவது வாரம் வந்தபோதுதான் பரிசோதனை முடிந்தது.

மூன்றாவது முறையாக நாள் குறிக்க நீங்களே போன் செய்யத் தயங்கினால், எழுதிக் கொடுத்த கிளினிக்கிலுள்ள தாதியை உங்களுக்காகப் பேசச் சொல்லுங்கள்.